மசக்கை லேகியமும் மீன் குஞ்சுகளும்

இன்பத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த வாய்தான் காரணம் என்று சொல்கிற ஆட்கள் வன்னியம்பட்டியிலும் இருக்கிறார்கள், செட்டியார்பட்டியிலும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்வது சுலபம். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடலாம்.

அவளுடைய வீடு வன்னியம்பட்டியில், சர்ச்சுக்குப் பின்னால். புருஷன் சின்னத்துரை ராஜபாளையத்துக்குக் கிழக்கே பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் தறி ஓட்டுகிறவர். பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்து இவள் பேசிவிடுவாள் என்று தெருவில் கேலி செய்வார்கள். இன்பமும் அதே கம்பெனியில் துணி மடித்துக்கொண்டிருந்தவள்தான். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்துக்கொண்டது. சர்ச்சில் இருமினால் பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு இவள் முடிக்கட்டும் என்று காத்திருப்பார், அந்த அளவுக்கு. இருமலோடு வேலையும் போனது.

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. என்ன வேலை என்று கேட்டதற்கு, மீனுக்குச் சாப்பாடு போட்டுத் தொட்டி கழுவுகிற வேலை என்றார்கள். சின்னத்துரைகூட அன்றைக்குச் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததைப் பார்த்த வீம்புக்காகவே இன்பம் போய்ச் சேர்ந்தாள்.

போன பிறகுதான் அது என்ன இடம் என்று அவளுக்குப் பிடிபட்டது. ஏசி ஓடுகிற நீளமான அறை. இரண்டு பக்கமும் அலமாரி அலமாரியாகக் கண்ணாடித் தொட்டிகள். உள்ளே விரல் நீளம்கூட இல்லாத, உடம்பில் நீலக் கோடு ஓடுகிற மீன்கள். வரிக்குதிரை மீன் என்று பேர். சென்னைக் கொளத்தூரிலிருந்து பாலித்தீன் பையில் காற்றடைத்துக் கொண்டுவந்து பெருக்கிய கூட்டம். ஆணையும் பெண்ணையும் சாயங்காலமே ஒரு சின்னப் பெட்டியில் விட்டு நடுவில் ஒரு தடுப்பை வைத்துவிட வேண்டும். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால், கொஞ்ச நேரத்தில் முட்டை விழுந்துவிடும். அதை வலையில் அரித்து, கழுவி, தட்டில் போட்டு ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். இதெல்லாம் இன்பத்தின் வேலை. நீலக் கோட்டு ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டால் அவள் நடையே மாறிவிடும்.

டவுன் பஸ்ஸில் அவளுக்கு 'மீன் டாக்டர்' என்று பேர் வைத்ததில் தப்பே இல்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அன்றைக்கு மீன் பாடம்தான். "முட்டை கண்ணாடி கணக்கா இருக்கும் பாத்துக்க. ஒரே நாள்ல உள்ள நெஞ்சு துடிக்கது தெரியும். நம்ம வயித்துல நடக்கது அம்புட்டும் அதுக்குள்ள நடக்கும். அதான் அத வச்சு ஆராய்ச்சி பண்ணுதாக" என்பாள். பால்கோவா வாங்கிக்கொண்டு போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், எல்லோரும் கேட்டுத் தொலைக்க வேண்டும். படிக்காத பெண்ணுக்கு ஒரு பெரிய விஷயத்தின் ஓரம் கையில் கிடைத்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் உயர்ந்து பார்க்கிறாள். அதில் என்ன குற்றம்?

அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வின்சி. இளையவள் பியூலா, வின்சிக்கு எட்டு வயது இளையவள். பியூலாவைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல முகவெட்டு, பெரிய கண், தலைமுடி இடுப்பு வரை. பேசினால்தான் தெரியும். அம்மா, சோறு, வா, போ என்று கையளவு வார்த்தைகள். நடக்கவே மூன்று வயது ஆனது. கைக்குழந்தையாக இருந்தபோது புது வருஷ ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் சரவெடி வெடித்தார்கள். மற்ற குழந்தைகள் எல்லாம் தூக்கிவாரிப் போட்டு வீரிட்டன. பியூலா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. காது கேட்கவில்லையோ என்று மதுரை வரைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். காது நன்றாகக் கேட்கிறது, மூளை வளர்ச்சிதான் போதாது என்றார்கள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அந்த 'ஏன்' இன்பத்தின் கழுத்தில் கல்லாகத் தொங்கியது. ஆஸ்பத்திரியில் சொல்லாத பதிலை ஊர் சொல்லிவிட்டது: ரத்தத்தில் இருக்கிறது. இந்த ஒரு வார்த்தையால் வின்சிக்கு வந்த இரண்டு வரன்கள் வாசலோடு திரும்பின. மூன்றாவதாக வந்தது செட்டியார்பட்டி வரன். மாப்பிள்ளை கிளாட்வின், ராஜபாளையத்து நூல் மில்லில் ஃபிட்டர், தங்கமான பையன். அவனுடைய அம்மா பரிபூரணம் பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பியூலாவைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மதினி, தப்பா நெனைக்காதீய. இது வம்சத்துல யாருக்கும் உண்டுமா?" என்று கேட்டாள். இன்பம் உள்ளே போய் பைபிளை எடுத்துவந்து அதன்மேல் கையை வைத்து, இல்லை என்றாள். பிரசவம் தாமதமானதால் வந்தது என்றாள். அது நிஜமா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் கல்யாணம் நடந்தது.

வின்சி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் சந்தோஷத்தில் இன்பம் மீன்களுக்குக்கூட இரண்டு வேளை தீனியைக் கூடுதலாகப் போட்டுத் திட்டு வாங்கினாள். ஆனால் மசக்கை வின்சியைப் போட்டு உருட்டியது. தண்ணீர் குடித்தால் தண்ணீர் வெளியே வந்தது. குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வந்தால் வழியிலேயே வாந்தி. மகளைப் பார்க்கப் போன இன்பம் அந்த வட்டாரத்துத் தாய்மார்கள் செய்கிறதைத்தான் செய்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மார்க்கெட் சந்தில் ஐயாதுரை வைத்தியர் கடை என்று ஒன்று உண்டு. அங்கே மசக்கைக்கென்று ஒரு லேகியம் கிண்டுவார்கள். கருப்பாக, கருப்பட்டி வாசனையோடு, சுண்டைக்காய் அளவு தின்றால் போதும். வாந்தி அடங்கும், நல்ல தூக்கம் வரும். இன்பமும் பியூலாவைச் சுமந்தபோது அதைத்தான் தின்றாள். முழு டப்பா ஒன்றை வாங்கி மகளிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

லேகியம் வேலை செய்தது. வின்சி தூங்கினாள், சாப்பிட்டாள், முகத்தில் மினுமினுப்பு வந்தது. "மதினி கொண்டாந்த மருந்து மாதிரி வராது" என்று பரிபூரணமே நாலு பேரிடம் சொன்னாள். நான்காம் மாதம் தொடங்கியது.

அந்த நாட்களில் கல்லூரியில் கார்த்திகா என்ற பெண் புதிய ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கியிருந்தாள். கோயம்புத்தூர்க்காரி. இன்பத்தின் வளவளப்பைச் சலிக்காமல் கேட்கிற ஒரே ஆள். ஒரு மத்தியானம் அவள் இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு இன்பத்தைக் கூப்பிட்டு, ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். தட்டுகளில் பிறந்து ஐந்தாறு நாளான மீன் குஞ்சுகள், கண்ணிமை மயிர் அளவுதான் இருக்கும். கார்த்திகா முதல் தட்டின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். குஞ்சுகள் அத்தனையும் வெட்டி இழுத்தாற்போல் விலகி ஓடின. இரண்டாவது தட்டிலும் அதே மாதிரி தட்டினாள். ஒன்றிரண்டு மட்டும் மெல்ல நகர்ந்தன. மற்றவை அப்படியே கிடந்தன.

"செத்துப்போச்சா பாப்பா?" என்றாள் இன்பம்.

"இல்லக்கா, உயிரோடதான் இருக்கு. கண்ணு, வாலு, இதயம் எல்லாம் சரியா இருக்கு. முட்டையா இருந்தப்போ, மூளை உருவாக ஆரம்பிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் தண்ணியில மருந்து கலந்து வச்சேன். அப்புறம் கழுவி நல்ல தண்ணிக்கு மாத்திட்டேன். அதுக்குப் பிறகு ஒரு துளிகூடக் குடுக்கலை. இருந்தாலும் பாருங்க, அதிர்ச்சியே இல்ல."

"என்ன மருந்து?"

"கஞ்சாவுல இருக்கிற சரக்குதான். கவர்மெண்ட் அனுமதி வாங்கிப் பூட்டி வச்சிருக்கோமே, அது. கர்ப்பமா இருக்கிறவங்க எடுத்தா பிள்ளையோட மூளைக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும்."

இன்பம் தட்டைக் கீழே வைத்தாள். அவளுக்கு அந்த நேரத்தில் கார்த்திகா தெரியவில்லை, மீன் அறை தெரியவில்லை. சர்ச் வாசலில் கையில் கண்ணைத் திறந்தபடி கிடந்த பியூலா தெரிந்தாள். அடுத்தாற்போல் ஐயாதுரை வைத்தியரின் மனைவி ரத்தினம் அந்தக் காலத்தில் டப்பாவைக் கொடுத்துக்கொண்டே சொன்னது காதில் கேட்டது. "கூடப் போட்டுத் தின்னுறாதட்டி. கொஞ்சம் கஞ்சா இலையும் சேரும் அதுல. அதான் தூக்கம் சொக்கும்." அப்போது இருவரும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். போலீஸ் பிடிக்கிற கஞ்சா வேறு, வைத்தியர் கிண்டுகிற கஞ்சா வேறு என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. மருந்தில் போட்டால் அது மருந்துதானே.

அன்றைக்கு பஸ்ஸில் அவள் யாரோடும் பேசவில்லை. மகளுக்கு அதைத் தின்னக் கொடுத்ததும் தன் கைதான் என்று நினைத்து நினைத்து வந்தாள். ஆனால் அந்த வேதனைக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அது நிம்மதி. ரத்தம் இல்லை. வம்சம் இல்லை. பைபிளில் கைவைத்துச் சொன்னது பொய் இல்லை. இத்தனை வருஷம் ஊர் கேட்ட கேள்விக்கு அவள் கையில் ஒரு பதில் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் செட்டியார்பட்டிக்குப் போனாள். வின்சி அடுப்படியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். மேல்தட்டில் லேகிய டப்பா இருந்தது, பாதிக்கு மேல் காலி. இன்பம் அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, பழசாகிவிட்டது, வேறு வாங்கித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இன்பம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இனிமே இதத் தொடாதட்டி."

"ஏம்மா? இதத் தின்ன பொறவுதான நாலு வாய் சோறு எறங்குது."

"சொன்னாக் கேளு. பியூலா எதனால இப்படி ஆனான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த பரிபூரணம் வந்து நிலைப்படியில் நின்றாள். இன்பம் அவளையும் பார்த்துத்தான் பேசினாள். சொல்லப்போனால் அவளைப் பார்த்துத்தான் அதிகம் பேசினாள். முட்டை, மூளை உருவாகிற நேரம், தட்டினால் ஓடாத குஞ்சுகள், வைத்தியர் சேர்க்கிற இலை, புது வருஷத்துச் சரவெடி, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், கோவையாக வந்தது. "பாத்தீயளா மதினி, வம்சத்துல ஒரு கொறையும் கெடையாது. இந்த லேகியம் பண்ணுன வேலை அம்புட்டும்" என்று முடித்தாள். முடித்த பிறகுதான் வின்சியின் முகத்தைப் பார்த்தாள். வின்சி அவரைக்காயைக் கீழே போட்டுவிட்டுத் தன் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

பரிபூரணம் அடுப்படிக்குள் வந்து பாலை அடுப்பில் வைத்தாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் இன்பத்துக்குப் பயம் வந்திருக்காது.

மறுநாளே கிளாட்வின் வின்சியை டாக்டரிடம் கூட்டிப்போனான். ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறது, கைகால் சரியாக இருக்கிறது என்றார்கள். மூளை நன்றாக வளருமா, வயதுக்குத் தக்க பேசுமா என்று அவன் கேட்டான். அதையெல்லாம் ஸ்கேனில் பார்க்க முடியாது, உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. உள்ளதைத்தான் சொன்னார்கள். ஆனால் பயந்து போயிருக்கிற வீட்டுக்குள் 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்ற வார்த்தை போனால் அது வேறாகிவிடுகிறது. பியூலாவுக்கும் கைகால் சரியாகத்தானே இருந்தது?

கலைத்துவிடலாம் என்று பேச்சு எழுந்திருப்பது கிளாட்வின் போனில் சொல்லித்தான் இன்பத்துக்குத் தெரிந்தது. அவன் குரலே கம்மிப்போயிருந்தது. அவள் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கார்த்திகா முன்னால் போய் நின்றாள். லேகியத்தைப் பற்றியும் மகளைப் பற்றியும் அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னாள். கார்த்திகா கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, இதை என்கிட்ட முதல்ல கேட்டிருக்கக் கூடாதா? மீன் முட்டை மருந்துத் தண்ணிக்குள்ளேயே முங்கிக் கிடக்கு. நான் குடுக்கிற அளவு ரொம்ப ரொம்ப அதிகம், வித்தியாசம் தெரியணும்னே அப்படிக் குடுக்கிறது. இதை வச்சு மனுஷப் பிள்ளைக்கு இப்படித்தான் ஆகும்னு யாரும் சொல்ல முடியாது. கர்ப்பத்துல அதைச் சாப்பிடக் கூடாதுதான், அது சரி. ஆனா சாப்பிட்ட எல்லாருக்கும் பிள்ளை அப்படிப் பிறக்கும்னு இல்லவே இல்லை. உங்க சின்னப் பொண்ணுக்குக்கூட வேற நூறு காரணம் இருக்கலாம்."

"அப்ப நான் சொன்னது தப்பா பாப்பா?"

"தப்புன்னும் சொல்ல முடியாதுக்கா. தெரியாது. அதான் உண்மை."

இன்பம் அதையும் தூக்கிக்கொண்டு செட்டியார்பட்டிக்கு ஓடினாள். மீன் வேறு, மனுஷர் வேறு, அளவு வேறு, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று பரிபூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பரிபூரணம் கையை விலக்கிக்கொள்ளவில்லை. "மதினி, பொண்ணு பாக்க வந்தப்ப ஒண்ணு சொன்னீய. பிரசவத்துல வந்ததுன்னு. போன வாரம் லேகியம்னீய. இன்னைக்கு ரெண்டும் இல்லங்கிய. நான் எத நம்ப?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். இன்பம் பிடித்திருந்த கையைத் தானே விட்டாள்.

கடைசி நம்பிக்கையாக மகளிடம் போனாள். மாமியார் கட்டாயப்படுத்துகிறாள், புருஷன் பயந்துவிட்டான், ஆனால் வின்சி மாட்டேன் என்று சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். வின்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அவிய யாரும் சொல்லலம்மா. நான்தான் சொன்னேன், வேண்டாம்னு."

"ஏட்டி, என்ன பேசுத. உன் புள்ளட்டி அது."

"நீ துணி மடிக்கப் போயிருவ. அப்பா தறிக்குப் போயிருவாரு. பியூலாவ வளத்தது நான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவ பேண்ட துணிய அலசுனது நான். தெருப் பயலுவ அவமேல கல்லெறிஞ்சா முன்னாடி போயி நின்னது நான். அவ பெரிய மனுஷி ஆனப்ப, அது என்னன்னே தெரியாம ரத்தத்தப் பாத்துச் சிரிச்சா. அன்னைக்கும் நான்தான் கூட இருந்தேன். அவமேல எனக்குப் பாசம் இல்லன்னு சொல்லுதியா? உசுரே வச்சிருக்கேன். ஆனா இன்னொரு வாட்டி என்னால முடியாதும்மா. என் வயித்துல இருந்து என்னால முடியாது."

இதற்கு எதிராகச் சொல்ல எந்தத் தாயிடம் வார்த்தை இருக்கும்? மூத்த மகளின் பிள்ளைப்பருவத்தை இளைய மகளுக்குத் தின்னக் கொடுத்தது தான்தான் என்று இன்பத்துக்குத் தெரியும். எல்லா ஏழைத் தாய்மாரும் அதைத்தான் செய்கிறார்கள். செய்துவிட்டு, மூத்தவள் பொறுப்பானவள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

வேறொரு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் அது நடந்தது. வின்சிதான் கையெழுத்துப் போட்டாள். கிளாட்வின் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுததை அவன் தங்கை பார்த்திருக்கிறாள். ஊருக்குக் கலைந்துபோய்விட்டது என்று சொன்னார்கள். பாஸ்டர் வீட்டுக்கு வந்து, கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று ஜெபம் பண்ணினார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். இன்பம் மட்டும் சொல்லவில்லை.

உடம்பு தேற வின்சியைத் தாய் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அவள் அம்மாவோடு பேசவில்லை. அப்பாவோடும் பேசவில்லை. சாப்பிடு என்றால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பால் கட்டி நெஞ்சு வலித்தபோதும் வாய் திறக்கவில்லை, சேலையில் ஈரம் தெரிந்துதான் இன்பத்துக்குத் தெரிந்தது. பியூலா மட்டும் போய்ப் போய் அக்காவின் தலையைத் தடவிவிட்டு வந்தாள். சின்னத்துரை ஒரு நாள் தறியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "டப்பாவப் பேசாமத் தூக்கிட்டு வந்திருக்கக் கூடாதா" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. இன்பத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அன்றைக்கு மனதுக்குள் ஒரு வெறி கிளம்பியது. யாரையாவது நாலு கேள்வி நறுக்கென்று கேட்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. மிச்ச லேகியத்தோடு இருந்த டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். மார்க்கெட் சந்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வைத்தியர் கடையில் ஐயாதுரையின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. கல்லாவில் ரத்தினம் உட்கார்ந்து சுக்கைத் தட்டிக்கொண்டிருந்தாள். இன்பம் டப்பாவை அவள் முன்னால் வீசினாள்.

"குடி கெடுத்தியளே, நல்லா இருப்பியளா? கஞ்சாவப் போட்டு மருந்துன்னு குடுத்து எம்புட்டு வீட்டக் கெடுத்திருக்கியளோ."

சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ரத்தினம் பதறவில்லை. டப்பாவை எடுத்துத் திறந்து, சுண்டுவிரலால் கொஞ்சம் வழித்துத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். கடையில் விளையாடிக்கொண்டிருந்த தன் பேத்தியின் வாயிலும் கொஞ்சம் தடவினாள். அந்தக் குழந்தை நக்கிவிட்டு இன்னும் கேட்டது.

"யார் சொன்னா கஞ்சான்னு? அதெல்லாம் அவிய இருக்கும்போதே விட்டாச்சு. போலீஸு கடையப் பூட்டிச் சாவியத் தூக்கிட்டுப் போன வருசத்தோட சரி. அதுக்குப் பொறவு ஒரு இலைகூட இந்தக் கடைக்குள்ள வரல. சுக்கு, ஏலம், ஜாதிக்காய், கசகசா, கருப்பட்டி. இம்புட்டுத்தான் இதுல. தூக்கம் ஜாதிக்காய்க்கு வருது. என் மருமவளும் இதத்தான் தின்னா. இவதான் அந்தப் புள்ள."

"போலீஸு எப்ப வந்துச்சு?"

"உன் சின்ன மவ பொறந்து ரெண்டு மூணு வருசம் இருக்கும். நீ அவளத் தூக்கிட்டு மந்திரிக்க வருவியே, அப்ப." ரத்தினம் டப்பாவை மூடினாள். பிறகுதான் இன்பத்தின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். "ஏட்டி இன்பம், என்ன ஆச்சு? வின்சிக்குத்தான வாங்கிட்டுப் போன? புள்ள நல்லாருக்குல்லா?"

இன்பம் டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுச் சந்திலிருந்து வெளியே வந்தாள். எதிரே வந்த சைக்கிள் இடித்தது. அவன் திட்டினான். அவளுக்கு அது யாரையோ திட்டுவது மாதிரி இருந்தது. தான் தின்ற காலத்தில்தான் அதில் இலை இருந்தது. மகள் தின்றது வெறும் ஜாதிக்காயும் கருப்பட்டியும். வயிற்றில் இருந்தது ஸ்கேனில் பார்த்த மாதிரியே கைகால் சரியாக இருந்த பிள்ளை. அதை யாரும் கெடுக்கவில்லை. லேகியம் கெடுக்கவில்லை, வம்சம் கெடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். பஸ்கள் வந்தன, போயின. பக்கத்தில் இருந்த ஒருத்தி யாருக்கு என்ன என்று கேட்டாள். இன்பம் ஒன்றும் இல்லை என்று தலையாட்டினாள். தெரிந்ததை ஊருக்கெல்லாம் சொன்னவள், இதை யாருக்கும் சொல்ல முடியாது என்று அங்கேதான் புரிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வின்சி எழுந்து உட்கார்ந்திருந்தாள். பியூலா அவள் காலடியில் உட்கார்ந்து பழைய வளையல்களைத் தரையில் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். இன்பம் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்த நாளிலிருந்து பேசாத மகள் அன்றைக்குப் பேசினாள்.

"எங்கம்மா போயிட்டு வார?"

"சும்மா, மார்க்கெட்டுக்கு."

வின்சி உருண்டு வந்த வளையல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் உதடு கோணியது.

"அம்மா, ஒண்ணு கேக்கேன். உண்மையச் சொல்லு. நான் பண்ணுனது சரிதானம்மா? அந்தப் புள்ள எப்படியும் நல்லாப் பொறந்திருக்காதுல்லா?"

இன்பத்துக்கு நாக்கு நுனியில் ரத்தினம் சொன்ன அத்தனையும் நின்றது. சொன்னால் நெஞ்சுப் பாரம் பாதியாகும். மீதிப் பாதியை வின்சி சுமப்பாள், சாகிற வரைக்கும் சுமப்பாள். இன்பம் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரிதாம்மா நீ பண்ணுனது. அது பொறந்திருந்தா நம்ம பியூலா மாதிரித்தான் இருந்திருக்கும்."

வின்சி மூச்சை விட்டாள். தன் பேர் காதில் விழுந்ததும் பியூலா வளையல்களை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்து, அம்மாவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.